இதிலை ஆர் இருக்கப்போறியள்?

அஜக்ஸ்
17 செப்ரெம்பர் 2023

அன்புள்ள உங்களுக்கு,

சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதி முடிப்பதற்குள் கொட்டாவி வந்துவிட்டது. ஆனாலும் சுகம்தான். நானும் ஏஞ்சலாவும் சாப்பிடுகிறோம், ஞாயிறு பூசைக்குப் போகிறோம், குறை ஒன்றும் இல்லை.

அல்பேட்டாவில் இருக்கும் புருசனுக்கு அஜக்ஸிலிருந்து கடிதம் எழுதுகிறாளே, போன் இல்லையா என்று நினைப்பீர்கள். போன கிழமை நாங்கள் போனில் கதைத்ததை யோசித்துப் பாருங்கள். நீங்கள், "தண்ணி பில் கட்டியாச்சோ?" என்று தொடங்கினீர்கள். நான், "சாப்பிட்டனீரோ எண்டு ஒருக்காலும் கேக்கமாட்டியள்" என்றேன். பிறகு இரண்டு பேரும் கத்தினோம். பிள்ளை தன்னுடைய அறைக் கதவைச் சாத்தினாள். போனை வைத்த பிறகுதான் நினைத்தேன். கலியாணம் முடிந்து நான் யாழ்ப்பாணத்தில், நீங்கள் கனடாவில் பார்க்டேலில், ஸ்பொன்சர் வருமா வராதா என்று தெரியாமல் கிடந்தோமே, அந்தக் காலத்துக் கடிதம் ஒன்றிலாவது சண்டை பிடித்திருக்கிறோமா? கோபம் வந்தாலும் முத்திரை ஒட்டுவதற்குள் ஆறிவிடும். அதனால் இனிமேல் எழுதுவோம். அவசரத்துக்கு மட்டும் போன்.

வீட்டுப் புதினம் சொல்கிறேன். கீழே பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கும் மாணவிகள் இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள். சத்தம் இல்லை. நான் விடிய முன்னமே முதியோர் இல்லத்து வேலைக்கு வெளிக்கிட்டுவிடுகிறேன். 401 நெடுஞ்சாலையில் கொஞ்சம் பிந்தினாலும் ஸ்காபரோவுக்குப் போய்ச் சேர முடியாது. ஏஞ்சலா பல்கலைக்கழகத்துக்கு ரெயினில் போகிறாள். அவள் வரும்போது நான் படுத்துவிடுவேன். சனி ஞாயிறில் நான் மேலதிக ஷிஃப்ட் செய்கிறேன், அவள் கடையில் வேலை செய்கிறாள். மூன்று பேருக்கென்று வாங்கிய வீட்டில் நானும் அவளும் ஆளையாள் காண்பது படிக்கட்டில்தான்.

ஹோலில் இருக்கும் சோபா செற்றியின் பிளாஸ்ரிக் உறையை, கழற்ற வேண்டாம் என்று நீங்கள் சொன்னபடி, இன்னும் கழற்றவில்லை. கழற்றினாலும் இருப்பதற்கு ஆள் இல்லை.

வீட்டுக் கடன் வட்டி இந்தளவுக்கு ஏறும், அதைக் கட்ட நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டி வரும் என்று வாங்கும்போது ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நாங்கள் கேட்டிருக்க மாட்டோம். அதை விடுங்கள். டிசெம்பரில் நத்தாருக்கு வாருங்கள். வேறு ஒன்றும் வேண்டாம்.

உங்கள் வரவை எண்ணியிருக்கும்,
கிளடிஸ்


வட அல்பேட்டா
8 ஒக்ரோபர் 2023

அன்பின் கிளடிஸுக்கு,

உம்முடைய கடிதம் எங்கள் எண்ணெய் வயல் முகாம் அலுவலகத்தில் இரண்டு நாள் கிடந்து என் கைக்கு வந்தது. நீர் எழுதும் 'ழ' இன்னும் மாறவில்லை. படுக்கையில் இருந்து மூன்று தரம் வாசித்தேன்.

என்னை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். முகாம் சமையலறையில் நான் உருளைக்கிழங்கு உரிக்கிறேன், பெரிய சட்டிகள் கழுவுகிறேன். கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் அத்தனை வருசம் நின்ற எனக்கு இது பாரமான வேலை இல்லை. குனிந்து நிமிர நாரி மட்டும் பிடிக்கிறது. எண்ணெய் எடுக்கும் பெடியங்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அல்பேட்டாவுக்கு வந்த அல்பேட் என்று. கிருபன் என்று வல்வெட்டித்துறைப் பெடியன் ஒருவனும் இங்கே இருக்கிறான். அவனோடுதான் தமிழ் கதைக்கிறேன்.

நீர் வட்டியைப் பற்றி எழுதியிருந்தீர். நான் ஒன்று கேட்கிறேன். ஏஞ்சலா கோயிலில் முதல் நன்மை வாங்கிய அன்று, நாங்கள் வாடகைக்கு இருந்த டோர்செட் பார்க் அப்பார்ட்மென்றில் என்ன நடந்தது என்று மறந்துவிட்டீரா? பிள்ளை வெள்ளை உடுப்போடு நின்று கேக் வெட்டுகிறாள். கட்டடத்துக்குப் பொறுப்பானவன் கதவைத் தட்டி, ஆட்கள் கூடிப்போனார்கள், கீழ் வீட்டுக்காரர் முறைப்பாடு, எல்லாரையும் அனுப்பு என்றான். சுவாமியார் கையில் தட்டோடு எழும்பி நின்றார். அன்றைக்கு லிஃப்டில் சனத்தை இறக்கிவிட்டுக்கொண்டு நான் முடிவெடுத்தேன். என் கதவை நான் திறந்தால்தான் திறபட வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும்.

வாசலில் இலைகள் கொட்டியிருக்கும். கூட்டி அள்ளாவிட்டால் புல் அழுகிவிடும். நேரம் கிடைக்கும்போது பாரும்.

நத்தாருக்கு நின்றால் இரட்டைச் சம்பளம். நிற்கப் போகிறேன். கோபிக்க வேண்டாம். பிள்ளைக்கு என் முத்தம்.

அன்புடன்,
அல்பேட்


அஜக்ஸ்
26 நவம்பர் 2023

அன்புள்ள உங்களுக்கு,

கோபிக்கவில்லை. கோபிக்கவும் தெம்பு வேண்டும். இலைகளைக் கூட்டிவிட்டேன்.

உங்களிடம் ஒரு சம்மதம் கேட்க வேண்டும். எங்கள் கோயில் பாட்டுக்குழுவில் இருந்த நிலாணியை நினைவிருக்கும். பகலில் வங்கியில் வேலை செய்கிறாள், மிச்ச நேரத்தில் படம் எடுக்கிறாள். இந்த முறை பெரிய படமாம், தியேட்டரில் ஓடுமாம். ஸ்காபரோவில் வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பம் சொந்த வீடு வாங்கப் படும் பாடுதான் கதை. அப்பா இரண்டு வேலை செய்கிறார், அம்மா சீட்டுப் பிடிக்கிறாள், மகன் படிப்பை விடப் பார்க்கிறான். கடைசியில் வீடு வாங்கிவிடுகிறார்கள். அந்தக் கடைசி வீட்டுக்கு எங்கள் வீட்டைத் தா என்று கேட்கிறாள்.

பூசை முடிந்து வந்து ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள். "அன்ரி, உங்கட வீடு பெர்ஃபெக்ற். ஒருத்தரும் புழங்கின மாதிரியே இல்லை" என்றாள். அவள் புகழ்ச்சியாகத்தான் சொன்னாள்.

நான் கேட்டேன், "வீடு வாங்கின பிறகு அந்தச் சனத்துக்கு என்ன நடக்குது பிள்ளை?"

"அதோடை படம் முடியுது அன்ரி."

"முடிஞ்சுதோ?"

"ஓம். எல்லாரும் சேர்ந்து இருந்து சாப்பிடுவினம். ஹாப்பி எண்டிங்."

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். தை மாதத்தில் பத்து நாள் போல வேண்டுமாம். வாடகையும் தருவார்கள், எங்களுக்கு உதவும். நானும் ஏஞ்சலாவும் மேலே எங்கள் அறைகளில் இருக்கலாம். நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. ஹீற்றரைக் கூட்டாமல் இரண்டு ஸ்வெற்றர் போடுகிறோம். உங்கள் நாரிக்கு எண்ணெய் பூசுகிறீர்களா? பூச மாட்டீர்கள் என்று தெரியும்.

உங்கள்
கிளடிஸ்


வட அல்பேட்டா
10 டிசெம்பர் 2023

அன்பின் கிளடிஸுக்கு,

சரி, கொடும். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிக் கொடும். ஒருவரும் சப்பாத்தோடு உள்ளே வரக்கூடாது. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. செற்றியின் உறையைக் கழற்றக்கூடாது. குசினியில் மீன் பொரிக்க விட வேண்டாம், மணம் போகாது.

எங்கள் வீடு படத்தில் வருவதைக் கிருபனுக்குச் சொன்னேன். அவன் சமையலறை முழுக்கச் சொல்லிவிட்டான். இன்று பெரிய குசினிக்காரன் எனக்குக் கைகொடுத்தான்.

அப்பாவாக நடிப்பவர் யார்? என்ன வயது? விசாரித்து எழுதும்.

நத்தார் வாழ்த்துக்கள். பிள்ளையைப் பூசைக்குக் கூட்டிப் போம். பாலன் குடிலை இந்த முறை யன்னலோரம் வையும், றோட்டால் போகிறவர்களுக்கும் தெரியட்டும்.

அன்புடன்,
அல்பேட்


அஜக்ஸ்
4 பெப்ரவரி 2024

அன்புள்ள உங்களுக்கு,

படப்பிடிப்பு முடிந்து ஒரு கிழமை ஆகிறது. உங்களுக்கு எழுத வேண்டும் என்று தினமும் நினைத்து, தினமும் நித்திரையாகிவிட்டேன்.

அப்பாவாக நடித்தவர் பெயர் இராசரத்தினம். தபால் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், மேடை நாடகம் போட்டவராம். உங்களைவிட வயது கூட, முடியும் குறைவு. அந்தக் கவலை வேண்டாம்.

நீங்கள் சொன்னதில் சப்பாத்தை வெளியே கழற்றியது மட்டும் நடந்தது. மற்றது ஒன்றும் நடக்கவில்லை. முதல் நாளே நிலாணி செற்றியின் உறையைக் கழற்றிவிட்டாள். பிளாஸ்ரிக் லைற்றுக்கு மினுங்குதாம். கீழே மேலே எல்லா விளக்கும் போட்டார்கள். ஹீற்றர் முழுக்க வேலை செய்தது. எங்கள் மேசை சின்னது என்று பெரிய மேசை ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்து போட்டார்கள். மீனும் பொரித்தார்கள்.

நான் வேலையால் வந்து கதவைத் திறந்தால் ஹோல் நிறையச் சனம். "அன்ரி வந்திட்டா, அன்ரிக்குச் சோறு போடுங்கோ" என்று யாரோ பெடியன் என் வீட்டில் எனக்குச் சாப்பாடு போட்டுத் தருகிறான். ஏஞ்சலா இரண்டு நாள் வகுப்புக்கே போகவில்லை. லைற் பிடித்தாள், தேத்தண்ணி கொடுத்தாள், செற்றியில் காலை மடித்து இருந்து அந்தப் பிள்ளைகளோடு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டுக் கனகாலம். "அம்மா, திஸ் இஸ் தி ஃபர்ஸ்ற் ரைம் இந்த வீட்டிலை சத்தம் கேக்குது" என்றாள்.

நானும் நடித்தேன். சிரிக்காதீர்கள். அடுத்த வீட்டுப் பெண்ணாக வர வேண்டியவவுக்குக் காய்ச்சல். நிலாணி, "அன்ரி, ஒரு வசனம்தான்" என்று கெஞ்சினாள். புது வீட்டில் பால் காய்ச்சும்போது நான் உள்ளே வந்து சுற்றிப் பார்த்து, "வீடு நல்ல வடிவு, குடுத்து வைச்சனீங்கள்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நான் சொன்னேன். வடிவாய் வரவில்லை. திரும்பவும் சொன்னேன். நிலாணி, "அன்ரி, பொறாமையோடை சொல்லுங்கோ" என்றாள். எனக்கு அந்த வீட்டைப் பார்த்துப் பொறாமை எப்படி வரும்? நாலாம் தரமோ ஐந்தாம் தரமோ, வாசலில் இருந்து நடந்துவந்து, அந்த வெளிச்சத்தையும் மேசையையும் பார்த்தேன். என் வாயில் வேறு வசனம் வந்துவிட்டது.

"இதிலை ஆர் இருக்கப்போறியள்?" என்று கேட்டுவிட்டேன்.

இராசரத்தினம் அண்ணை என்னைப் பார்த்தார், மனைவியாக நடித்த பிள்ளையைப் பார்த்தார், பிறகு அடுப்பைப் பார்த்தார். பால் பொங்கி வழிந்தது. நிலாணி கொஞ்ச நேரம் விட்டுத்தான் கட் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்து, "இல்லை அன்ரி, இதையே வைச்சிருப்பம்" என்றாள்.

பிறகு தேத்தண்ணி குடிக்கும்போது இராசரத்தினம் அண்ணை சொன்னார், "நான் வசனத்தை மறந்துபோனன் எண்டு உவையள் நினைச்சவை, பிள்ளை. மறக்கேல்லை. எனக்குப் பதில் தெரியேல்லை." அவர் மார்க்கம் நகரில் மகளின் பேஸ்மென்றில் தனியாக இருக்கிறாராம்.

எல்லாரும் போன அன்று விளக்குகளை ஒவ்வொன்றாக நிற்பாட்டினேன். மேசையை ஏற்றிப் போய்விட்டார்கள். ஏஞ்சலா மேலே போய்க் கதவைச் சாத்தினாள். எனக்கு ஏனோ அழுகை வந்தது. ஆனால் காலையில் ஷிஃப்ட், அழுது முடிக்காமல் படுத்துவிட்டேன்.

செற்றிக்கு உறையைத் திரும்பப் போடவில்லை.

உங்கள்
கிளடிஸ்


வட அல்பேட்டா
25 பெப்ரவரி 2024

அன்பின் கிளடிஸுக்கு,

நேற்றுச் சாப்பாட்டு மண்டபத்தில் கிருபன் தன் போனைக் கொண்டுவந்தான். நிலாணி படத்திலிருந்து ஒரு சின்னத் துண்டைப் போட்டிருக்கிறாள். எங்கள் வாசல். எங்கள் ஹோல். அந்த இராசரத்தினம் என் கதவை உள்ளிருந்து திறக்கிறார், பிள்ளைகள் ஓடிவருகிறார்கள். நான், "உது என்ரை வீடு" என்று மற்றவர்களுக்குக் காட்டினேன்.

கிருபன் பகிடியாகத்தான் சொன்னான். "அண்ணை, நீங்களும் எங்களைப் போலப் படத்திலைதான் உங்கட வீட்டைப் பாக்கிறியள்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு தட்டை அப்படியே கொண்டுபோய்க் கழுவ வைத்தேன்.

நீர் அந்த வசனத்தைப் பேசியிருக்கத் தேவையில்லை. அவர்கள் எழுதிக் கொடுத்ததைப் பேசியிருக்கலாம். நாளைக்குத் தியேட்டரில் சனம் பார்க்கும். எங்களைத் தெரிந்த சனம். லண்டனில் தம்பியாட்கள் பார்ப்பார்கள். நான் இங்கே கிடந்து கஷ்டப்படுவது வீட்டைப் பற்றி நீர் அப்படிக் கேட்பதற்காக இல்லை.

செற்றி உறையைப் போடும். வெயில் பட்டால் நிறம் மங்கும்.

அல்பேட்


அஜக்ஸ்
24 மார்ச் 2024

அன்புள்ள உங்களுக்கு,

இதைப் போனில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீங்கள் பதறுவீர்கள், பிறகு கத்துவீர்கள், பிறகு நான் கத்துவேன். அதனால் எழுதுகிறேன். முதலில் ஒன்று. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. உடம்பில் கீறலும் இல்லை.

செவ்வாய்க்கிழமை, முதல் நாள் இரவு தொடங்கிய இரட்டை ஷிஃப்ட் முடித்து, மத்தியானம் 401இல் வந்துகொண்டிருந்தேன். நல்ல வெயில். றேடியோ போட்டிருந்தேன். பிக்கரிங் கடந்தது நினைவிருக்கிறது. பிறகு கார் ஓரத்துச் சீமெந்துச் சுவரில் உரஞ்சுகிற சத்தம் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தேன். கண்ணை மூடியதே எனக்குத் தெரியாது. பின்னால் வந்த லொறிக்காரன் எப்படியோ பிறேக் பிடித்துவிட்டான். அவனுக்கு மாதா துணை, எனக்கும்தான்.

பொலிஸ்காரி நல்ல பிள்ளை. எனக்குத் தண்ணீர் தந்தாள். எங்கே வீடு என்று கேட்டாள். நான் விலாசம் சொன்னேன். அவள் என் லைசென்ஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பவும் கேட்டாள். திரும்பவும் அதையே சொன்னேன். "இதில் அஜக்ஸ் என்று இருக்கிறதே" என்றாள். அப்போதுதான் தெரிந்தது, நான் இரண்டு தரமும் டோர்செட் பார்க் அப்பார்ட்மென்ற் விலாசத்தைச் சொல்லியிருக்கிறேன். ஏழாம் மாடிக் கதவு இலக்கத்தோடு.

ஏஞ்சலா வந்து கூட்டிப்போனாள். வீட்டுக்கு வந்து வாசலில் நின்று, "நீங்கள் செத்தால் நான் இந்த வீட்டை எரிப்பன், அம்மா" என்றாள். தமிழில் சொன்னாள். ஒரு இங்கிலிஷ் சொல்லும் இல்லை.

வீட்டை விற்போம். நான் யோசித்துத்தான் எழுதுகிறேன். வாங்கிய விலை வராது. அது போகட்டும். உங்களுக்கு அங்கே நாரி முறிகிறது, எனக்கு இங்கே கண் மூடுகிறது, பிள்ளைக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. அந்த முதல் நன்மை நாளை நானும் மறக்கவில்லை. உங்களுக்கு அன்று வெட்கம். ஆனால் நான் நினைப்பது வேறு. வெளியே போகச் சொல்லும் அளவுக்கு எங்கள் வீட்டில் சனம் இருந்தது.

வீடு விற்கும் ஏஜென்ற், எங்கள் இரண்டு பேரின் கையெழுத்தும் வேண்டும் என்கிறார். சம்மதம் என்று ஒரு வரி எழுதுங்கள்.

கிளடிஸ்


வட அல்பேட்டா
7 ஏப்ரல் 2024

கிளடிஸுக்கு,

நீர் தப்பியதற்குக் கடவுளுக்கு நன்றி. இரட்டை ஷிஃப்டை உடனே நிற்பாட்டும். அந்தக் காசை நான் இங்கே பார்த்துக்கொள்கிறேன். முகாமில் இன்னும் சில மாதம், இன்னொரு சுற்று நிற்கிறேன்.

வீட்டை விற்கும் கதையை என்னிடம் எடுக்க வேண்டாம். கையெழுத்து வைக்க மாட்டேன். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து மற்றவனுடைய நிலத்தைக் கழுவினேன், மற்றவனுடைய காருக்குச் சாமான் செய்தேன், மற்றவனுடைய கிழங்கை உரிக்கிறேன். என்னுடையது என்று காட்ட அது ஒன்றுதான் இருக்கிறது. அதையும் விற்றால் நான் யார்?

பிள்ளை அப்படிப் பேசியதற்கு நீர் கண்டித்திருக்க வேண்டும்.

அல்பேட்


டோர்செட் பார்க்
2 யூன் 2024

அன்புள்ள உங்களுக்கு,

விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழைய கட்டடம்தான். எங்களோடு முன்பு பக்கத்து வீட்டில் இருந்த கிறிஸ்ரினா அக்கா சொல்லித்தான் இந்த இடம் கிடைத்தது. மாடி மட்டும் வேறு, நான்காம் மாடி. நானும் ஏஞ்சலாவும் எங்கள் உடுப்பையும் இரண்டு மெத்தையையும் கொண்டு வந்துவிட்டோம். காரைக் கொடுத்துவிட்டேன். முதியோர் இல்லத்துக்கு இங்கிருந்து ஒரு பஸ்.

நீங்கள் கையெழுத்து வைக்கவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை. மேல்மாடி அறைகளை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்குக் கொடுக்கலாம் என்று கேட்டுப் பார்த்தேன், ஆள் சரிவரவில்லை. பேஸ்மென்ற் பிள்ளைகள் வீட்டைப் பார்த்துக்கொள்வார்கள். வாசல் கதவுத் திறப்பு அவர்களிடம் இருக்கிறது. என்னுடைய சம்பளத்தில் ஏலுமானதை வீட்டுக்குக் கட்டுகிறேன். கட்ட ஏலாத நாள் வந்தால் சொல்லுவேன்.

நான் வீட்டை விட்டு வந்துவிட்டேன். உங்களை விட்டு வரவில்லை. தயவுசெய்து இந்த இரண்டையும் ஒன்றாக வாசிக்காதீர்கள்.

முதல் கிழமை வேலை, நித்திரை, வேலை, நித்திரை என்றே போனது. நேற்றுத்தான் எழும்பி, பிள்ளையோடு இருந்து இடியப்பம் சாப்பிட்டேன். நடக்க ஏலாத கிழவி மாதிரி இருக்கிறீர்கள் என்றாள். ஆனால் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

உங்களுக்கு என்மேல் கோபம் இருக்கும். எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

கிளடிஸ்


டோர்செட் பார்க்
7 யூலை 2024

அன்புள்ள உங்களுக்கு,

ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. போன் அடித்தால் நீங்கள் எடுக்கவில்லை. கிருபனின் இலக்கத்தைப் பிள்ளை எங்கோ தேடிப் பிடித்தாள். அண்ணை சுகமாக இருக்கிறார், ஆனால் கதைக்கிறார் இல்லை என்று அவன் சொன்னான்.

அது போதும். சுகமாக இருங்கள்.

கிளடிஸ்


அஜக்ஸ்
31 யூலை 2024

அன்பின் கிளடிஸுக்கு,

மேலே எழுதியிருக்கும் இடத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முகாமில் என் சுற்று முடிந்து சனிக்கிழமை வந்தேன். உமக்குச் சொல்லவில்லை. சொல்ல முகம் இல்லை. விமான நிலையத்திலிருந்து உம்மிடம் வருவதா, இங்கே வருவதா என்று நின்று யோசித்தேன். பழக்கதோசத்தில் இங்கே வந்துவிட்டேன்.

வந்து நாலு நாள் ஆகிறது. இந்த வீட்டில் நான் வேலைக்குப் போகாமல் தொடர்ந்து நாலு நாள் இருந்தது இதுதான் முதல் முறை என்று நேற்றுத்தான் உறைத்தது. பின்னேரத்தில் குசினி யன்னலால் வெயில் வந்து நிலத்தில் படுகிறது. நிலம் நல்ல வடிவு. நான்தான் தெரிவு செய்தேன், ஆனால் அந்த வெயிலில் பார்த்ததே இல்லை. எல்லா அறையிலும் போய் இருந்து பார்த்தேன். என்னுடைய வீடு என்று நினைக்க முயன்றேன். யாருடையவோ வீட்டைக் காவல் காக்க வந்தவன் போலத்தான் இருந்தது.

நேற்றுப் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வேலிக்கு அருகே வந்தார். நாய் வைத்திருப்பாரே, அவர்தான். கையை நீட்டி, எங்கள் தெருவுக்கு நல்வரவு என்றார். நான் வீட்டை வாங்கிய புது ஆள் என்று நினைத்துவிட்டார், கிளடிஸ். நானும் கைகொடுத்தேன். இல்லை, நான்தான் இரண்டு வருசமாக இந்த வீட்டுக்காரன் என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அவர் சொல்கிறார், முன்னம் இருந்தவர்கள் நல்ல அமைதியான சனம், கண்டதே குறைவு, ஒரு பெண், இருட்டோடு போய் இருட்டோடு வருவாள், பாவம், புருசன் செத்துப்போனான் போல.

நான், அப்படியா என்று கேட்டேன்.

வேறு என்ன கேட்பது? மெசினை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்து குந்தினேன். எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. நீர் முகம் வெளுத்துப் போய், காரின் கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு இருட்டில் போனதை முன்பின் தெரியாத ஒரு மனுசன் யன்னலால் பார்த்திருக்கிறான். நான் பார்க்கவில்லை. நான் இலையைக் கூட்டு, உறையைப் போடு என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

இன்று காலை ஏஜென்ற்றைக் கூப்பிட்டு என் கையெழுத்தை வைத்துவிட்டேன். உம்மிடமும் வருவார். நட்டம்தான். அதைக் கட்டி முடிக்க நாள் எடுக்கும், இங்கேயே ஏதாவது வேலை தேடிக் கட்டுவோம். முகாமுக்கு இனிப் போகவில்லை என்று சொல்லிவிட்டேன். போனில் சொல்லும்போது கிருபன் அழுதான், நான் அழவில்லை.

நான் அங்கே வரலாமா? இதைப் போனில் கேட்க எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன். பிள்ளை என்ன சொல்கிறாள் என்றும் எழுதும். இல்லை என்று எழுதினாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

உம்முடைய
அல்பேட்


டோர்செட் பார்க்
7 ஓகஸ்ற் 2024

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் நேற்றுக் கிடைத்தது. இதைத் தபாலில் போடவில்லை, ஏஞ்சலாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவளே கேட்டு வாங்கிக்கொண்டு வருகிறாள். உங்களோடு என்ன கதைப்பாள் என்று எனக்குத் தெரியாது. கோபமாகப் பேசினால் பேசட்டும், விடுங்கள். அவளுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

எனக்கும் இருக்கிறது. இரண்டு மாதம் நீங்கள் பேசாமல் இருந்ததைப் பற்றி இருக்கிறது. வந்து நாலு நாள் அங்கே தனியாகக் கிடந்ததைப் பற்றியும் இருக்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். சரியாகவில்லை. ஆனால் கட்டின மனுசியிடம் வரலாமா என்று கேட்டு எழுதிவிட்டீர்களே. அதை வாசித்துவிட்டுப் பஸ்ஸில் அழுகை வெளியே கேட்காமல் வாயைப் பொத்திக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை. காலையில் வாருங்கள். சாமான் ஒன்றும் கொண்டு வர வேண்டாம், அதைப் பிறகு பார்ப்போம். லிஃப்ட் பழுது, படியால்தான் ஏற வேண்டும். ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறுங்கள், உங்களுக்கு நாரி ஏலாது. வாடகைப் பத்திரத்தில் உங்கள் பெயரைச் சேர்க்க வேண்டும், திங்கட்கிழமை அலுவலகம் திறக்கும்போது இரண்டு பேருமாகப் போவோம்.

அறை சின்னது. யன்னல் றோட்டுப் பக்கம், சத்தம் வரும். நான் தடித்த திரைச்சீலை வாங்கிப் போட்டிருக்கிறேன்.

வந்தவுடன் வீட்டைப் பற்றியோ கடனைப் பற்றியோ ஒன்றும் கதைக்க வேண்டாம். என்னிடம் மன்னிப்பும் கேட்க வேண்டாம். முதலில் சாப்பிடுங்கள். பிறகு நித்திரை கொள்ளுங்கள். நீங்களாக எழும்பும் வரைக்கும் நாங்கள் ஒருவரும் கூப்பிட மாட்டோம்.

கிளடிஸ்